மத்தியானத்து ஈரம்

புவனேஸ்வரிக்கு எதையும் ஒரு தடவை பார்த்தால் போதாது. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவாள். திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பாள். பிள்ளையார்பாளையத்தில் அதைக் கேலி பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் அவள் வேலை பார்க்கும் நெசவாளர் சங்கத்தில் அந்தக் குணத்துக்குத்தான் மரியாதை. நெய்து வருகிற பட்டுப் புடவைகளைப் பிரித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, குறை இருந்தால் சொல்வது அவள் வேலை. இழை விட்டிருக்கிறதா, உடலும் கரையும் சேருகிற இடம் பிசகியிருக்கிறதா, ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துப் பார்த்து, மனிதர்களையும் அப்படியே பார்க்கப் பழகியிருந்தாள். குறையுள்ள புடவையைக் கொண்டுவருகிறவர்தான் வழக்கத்தைவிட அதிகமாகப் பேச்சுக் கொடுப்பார் என்பது அவள் அனுபவம்.

அவள் கணவர் திருஞானசம்பந்தத்துக்குப் போன வருஷம் இதய ஆபரேஷன் ஆனது. தறியில் உட்காரக் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அவரும் கண்காணிப்பில் இருந்தார். வேலையிலிருந்து வந்ததும் சர்க்கரை டப்பாவைத் திறந்து, காலையில் இருந்த அளவே இருக்கிறதா என்று பார்ப்பாள். எந்நேரமும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, கண்ணுக்குக் கொஞ்சம் பச்சையாக இருக்கட்டும் என்று நர்சரியிலிருந்து சில தொட்டிச் செடிகளை வாங்கிவந்து கூடத்து ஜன்னலோரம் வைத்தாள். மணி பிளான்ட், குரோட்டன்ஸ், வெள்ளைப் பூ பூக்கிற பீஸ் லில்லி, பாம்பின் தோல் மாதிரி வரியோடிய ஒரு கற்றாழை. தரை பாழாகாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. தினமும் காலையில் தொட்டிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள்.

முதலில் செழித்த செடிகள், ஆடி பிறந்ததும் தொங்க ஆரம்பித்தன. லில்லியின் இலைகள் அடியிலிருந்து மஞ்சளாயின. அவள் சொம்புத் தண்ணீரை இரண்டாக்கினாள். இன்னும் மோசமாயிற்று. ஒருநாள் தலைவலியென்று மத்தியானமே வீட்டுக்கு வந்தவள், தொட்டிகளுக்குப் பக்கத்தில் தரை ஈரமாக இருப்பதைப் பார்த்தாள். காலையில் ஊற்றிய தண்ணீர் இந்நேரம் காய்ந்திருக்க வேண்டும். கணவர் அறைக்குள் படுத்திருந்தார். அவர் பிறந்ததிலிருந்து ஒரு செடிக்கும் தண்ணீர் ஊற்றியவரில்லை. அவர்மேல் அவளுக்கு எண்ணமே போகவில்லை.

போனது மாடி அறையில் குடியிருந்த சிம்ரன்மேல். தாமலிலிருந்து வந்து, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற பெண். ஷிப்ட் வேலை என்பதால் சில நாள் மத்தியானம் வீட்டில் இருப்பாள். மாடியில் குழாய் கிடையாது. துணி துவைக்க, பின்கட்டில் பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, செடிகளைத் தாண்டித்தான் படியேற வேண்டும். சோப்புத் தண்ணீரை அதே வழியில் கொண்டுவந்து கொட்டுவாள். பக்கத்திலேயே சாயப்பட்டறை வேறு. எதை எங்கிருந்து கொண்டுவந்தாலும் யாருக்குத் தெரியும்?

அதே வாரம் சிம்ரன் படியிறங்கும்போது நின்று, "செடியெல்லாம் ஏன் ஆன்ட்டி இப்படி ஆயிடுச்சு?" என்று கேட்டாள்.

தானாக வந்து பேச்சுக் கொடுக்கிறாளே என்று புவனேஸ்வரிக்குச் சுருக்கென்றது. சந்தேகம் உறுதியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கெட்டோடு வந்த பெண்ணைப் படிக்கட்டிலேயே நிறுத்தினாள்.

"நான் இல்லாதப்ப இதுல என்னமா ஊத்தற?"

"நான் ஒண்ணும் ஊத்தலியே ஆன்ட்டி."

"அப்ப மத்தியானத்துல தரை எப்படி ஈரமா இருக்குது? சோப்புத் தண்ணியா, இல்ல சாயத் தண்ணியா? ஏதோ ஒண்ணு ஊத்திக்கினுதான இருக்கற?"

சிம்ரன் பக்கெட்டைக் கீழே வைத்தாள். "உங்க செடியக் கெடுத்து எனக்கு என்ன ஆகப் போவுது? நம்பிக்கை இல்லன்னா சொல்லிடுங்க, வேற ரூம் பாத்துக்கறேன்."

கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த சம்பந்தம் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

பெண் அழுதுகொண்டே மாடிக்குப் போய்விட்டாள். புவனேஸ்வரிக்கு அதுவும் நடிப்பாகத்தான் பட்டது. ஆதாரத்தை எடுத்து முன்னால் வைத்தால் என்ன பேசுவாள், பார்ப்போம் என்று குரோட்டன்ஸ் தொட்டியைப் பின்கட்டுக்குத் தூக்கிப்போனாள். தூக்கும்போதே தொட்டி கனத்தது. அன்றைக்கு இன்னும் தண்ணீர் ஊற்றாததால் மேல்மண் காய்ந்து வெளுத்திருந்தது. கவிழ்த்ததும் உள்ளே இருந்த மண் சேறாக வந்து விழுந்தது. கெட்ட வாடை அடித்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் கறுத்து, தொட்டால் தோல் தனியாக உரிந்து வந்தன. சங்கத்தில் செய்கிற மாதிரியே, வெள்ளைத் துணியில் ஒரு பிடி மண்ணை வைத்து முறுக்கிப் பிழிந்தாள். சிவப்போ பச்சையோ வருமென்று பார்த்தாள். மண்கலங்கல்தான் வந்தது. நுரையும் இல்லை. மோந்து பார்த்தாள். வெறும் தண்ணீர்.

தண்ணீர் குறைந்து வாடவில்லை. தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் செத்திருக்கிறது. அவள் ஊற்றியது மட்டும் இத்தனை சேறாகுமா?

"நான்தான் புவனா" என்றார், பின்னால் வந்து நின்ற சம்பந்தம். "இலை தொங்கிக்கினு இருந்திச்சா, வெயில்ல தாகமா இருக்குதுன்னு நெனச்சி மத்தியானத்துல ஊத்தினேன். ஊத்த ஊத்த இன்னும் தொங்கிச்சி. அதனால இன்னும் கொஞ்சம் ஊத்தினேன்."

"எதுல மொண்டு ஊத்தினீங்க?"

"பக்கெட்டத் தூக்கிக்கினு வந்துதான்."

"தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா?"

"அதுக்குத்தான் சொல்லல. சொன்னா நீ இதையும் கணக்குப் பாப்ப."

"அந்தப் பொண்ணு அழுதப்பகூட வாயத் தொறக்கலியே நீங்க."

புவனேஸ்வரி கைச் சேற்றைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போனாள். சிம்ரன் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவருதாம்மா, தூக்கக் கூடாத பக்கெட்டத் தூக்கிக்கினு வந்து ஊத்தியிருக்காரு. உன்னச் சொன்னது தப்பு."

"சரி ஆன்ட்டி."

"போவாத, இங்கயே இரும்மா."

"ரங்கசாமி குளம் பக்கம் ஃப்ரெண்டு ரூமுக்கு வர்றேன்னு சொல்லிட்டேன்" என்றாள் சிம்ரன். குரலில் கோபமில்லை. ஆனால் மடிப்பதை நிறுத்தவில்லை. அந்த வாரமே போய்விட்டாள்.

குரோட்டன்ஸும் லில்லியும் பிழைக்கவில்லை. மற்ற இரண்டையும் அழுகிய வேரை வெட்டி, மணல் கலந்த புது மண்ணில் நட்டாள். தட்டில் தேங்குகிற தண்ணீரை அப்போதைக்கப்போதே கொட்டினாள். மேல்மண் காய்ந்திருப்பதை அவள் இப்போது நம்புவதில்லை. விரலை உள்ளே விட்டுப் பார்ப்பாள். மண் விரலில் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. ஊற்றுகிற பொறுப்பைச் சின்னச் சொம்போடு கணவரிடமே கொடுத்தாள். சாயங்காலம் வந்ததும் அவர் பார்க்காத நேரத்தில் தானும் ஒரு தடவை விரலை விட்டுப் பார்ப்பாள். அது அவருக்கும் தெரியும்.

ஐப்பசியில் அவருக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது. போன இடத்தில், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சிம்ரன் நின்றாள். "வாங்க அங்கிள், பக்கெட்லாம் தூக்கறதில்லியே?" என்று அவர் கையை நீட்டச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே நீட்டினார். புவனேஸ்வரி சிரிக்கப் பார்த்தாள். அவள் கண் மட்டும் மேஜைமேல் இருந்த ஊசியிலேயே நின்றது. சிம்ரன் அதைக் கவனித்துவிட்டாள்.

"புது ஊசிதான் ஆன்ட்டி. கவர் பிரிக்கல, பாருங்க" என்று அவள் பக்கம் நீட்டினாள்.

புவனேஸ்வரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கி, திருப்பிப் பார்த்து, தேதியையும் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.