எல்லா வீட்டுக்கும் ஒரே சுவிட்ச்

வெள்ளவத்தையில் மின்வெட்டு நேரத்தில் எங்கள் மாடிக் கட்டிடத்தின் பல்கனிகளில் வீட்டுக்கொரு ஜெனரேட்டர் உறுமும். எண்ணெய்ச் செலவு ஒரு பக்கம், புகை மறுபக்கம். கீழ் வீட்டு ரீச்சருக்குத் தொய்வு நோய். அந்தப் புகையிலேயே அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும்.

"எல்லாத்தையும் வித்துப்போட்டுப் பெரிசா ஒண்டை வாங்குவம்" என்று எல்லோரோடும் சண்டை பிடித்தே சம்மதிக்க வைத்தேன். ஜெனரேட்டர் மொட்டை மாடிக்குப் போனது. அங்கிருந்து எல்லா வீடுகளுக்கும் வயர் இழுத்தோம். லைட், ஃபான், ரீச்சரின் மருந்து மெஷின், அவ்வளவுதான். யாராவது அயன் பெட்டியைச் செருகினால் என்னிடம் வாங்கிக் கட்டவேண்டும். எண்ணெய் எவ்வளவோ மிச்சமானது. ரீச்சர் சாத்தியே வைத்திருந்த ஜன்னலைத் திறந்தார். மெயின் சுவிட்சை என் வீட்டு வாசலில் வைத்துக்கொண்டேன். வேறு எவரையும் நான் நம்பவில்லை.

அப்போதுதான் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார். சண்டையால் வருஷக்கணக்காகக் கறண்ட் இல்லாத ஊர். அக்காவால் வர முடியவில்லை, மாமியார் படுத்த படுக்கை. அங்கே அவள் இருட்டில் கிடக்க, இங்கே ஃபானுக்குக் கீழே இருந்து சாப்பிட எனக்குக் கூசியது.

ஒரு நாள் பொழுதுபட்ட பிறகு, மின்வெட்டு நேரத்தில் ரீச்சருக்கு மூச்சு முட்டி, மருந்து ஆவி பிடிக்கிற மெஷினைப் போட்டிருந்தார்கள். தலைக்கு மேலே ஒரு பிளேன் போனது. உடனே கட்டிடம் முழுக்க இருண்டது.

"மெஷின் நிண்டுட்டுது, கெதியாப் போடுங்கோ" என்று கீழே ரீச்சரின் கணவர் கத்தினார்.

வாசலுக்கு ஓடினால், சுவிட்சைப் பொத்திப் பிடித்தபடி அம்மா நிற்கிறார். கையைத் தட்டிவிட்டுப் போட்டேன். ரீச்சருக்கு மெல்ல மெல்ல மூச்சு வந்தது.

"உங்களுக்கென்ன விசரே? ஒரு உயிர் போயிருக்கும்."

"பொம்மர் சத்தம் மோனை. ஒரு வீட்டு வெளிச்சம் தெரிஞ்சாலும் எல்லாருக்கும்தானே குண்டு போடுவான். அதுதான் நிப்பாட்டினனான்."

"இது கொழும்பு அம்மா. இஞ்ச ஒருத்தரும் குண்டு போடமாட்டினம். அது இரத்மலானை எயர்ஃபோர்ஸ் காம்பில இருந்து போற பிளேன்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அது எங்க போகுது?"

எனக்குப் பதில் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அந்த வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அணைத்துவிடலாம் என்று கை சுவிட்சுக்குப் போனது. கீழே ரீச்சர் இன்னும் ஆவி பிடித்துக்கொண்டிருந்தார்.