மயக்கம் பற்றிப் படிக்கக் குன்னூர் போன நாள்

காலை ஐந்தே முக்காலுக்குக் கூடலூர் பேருந்து நிலையத்தில் ஊட்டி வண்டியில் ஏறினோம். நானும், என் பல் கிளினிக்கில் ஆறு வருடமாக உதவியாளராக இருக்கும் செல்வியும். ஊட்டி ஐம்பது கிலோமீட்டர், அங்கிருந்து குன்னூர் இன்னொரு இருபது. ஒன்பதரைக்கு அங்கே ஒரு விடுதி மண்டபத்தில் பல் மருத்துவர்களுக்கும் அவர்களது உதவியாளர்களுக்குமான ஒரு நாள் பயிற்சி. நாற்காலியில் நோயாளிக்குத் திடீரென்று ஏதாவது ஆனால் என்ன செய்வது என்பதுதான் பாடம். எனக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டணம், செல்விக்கு எழுநூறு.

பல் மருத்துவர் பதிவைப் புதுப்பிக்க இதுபோன்ற பயிற்சிகளில் கிடைக்கும் புள்ளிகள் தேவைப்படுகின்றன என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அது பாதி உண்மை. மூன்று வாரத்துக்கு முன் தேவர்சோலைப் பக்கத்துத் தேயிலை பேக்டரியில் லாரி ஓட்டும் ராமையாவுக்குக் கடைவாய்ப் பல் எடுக்க ஊசி போட்டேன். "கண்ணு இருட்டுதுங்க" என்றார். முகம் வெளுத்து, வியர்த்து, தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பதினேழு வருட அனுபவம் உள்ள நான் கையில் ஊசியோடு அப்படியே நின்றேன். செல்விதான் நாற்காலியைப் படுக்க வைத்து, அவர் கால்களைத் தூக்கிப் பிடித்து, சட்டைப் பொத்தானைக் கழற்றினார். ஒரு நிமிடத்தில் ராமையா கண் விழித்து, "பல்லு எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஊசியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நோயாளியின் முகத்தை இரண்டு முறை பார்த்துக்கொள்கிறேன். அன்று நடந்ததைப் பற்றி நானும் செல்வியும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

ஆறரை மணி. நடுவட்டத்துக்குக் கீழே ஒரு வளைவில் வண்டி நின்றது. பனிமூட்டத்தில் முன்னால் நிற்கும் காரின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. மரம் ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நிற்பதாகக் கண்டக்டர் வந்து சொன்னார்.

"எவ்வளவு நேரம் ஆகுங்க?" என்றேன்.

"ஜேசிபி கீழே இருந்து வரோணுங்க. அரை மணியும் ஆகும், ரெண்டு மணியும் ஆகும்."

பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாமதமாக வந்தால் உள்ளே விடமாட்டோம் என்று அழைப்பில் எழுதியிருந்தார்கள். நான் நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தேன். செல்வி ஜன்னலோரம் சால்வையைப் போர்த்திக்கொண்டு அமைதியாக இருந்தார். கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"அன்னிக்கு ராமையாவுக்கு என்ன பண்ணணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி ஓவேலி எஸ்டேட்ல பதினோரு வருஷம் கொழுந்து பறிச்சேனுங்க டாக்டர். காலையில ஒண்ணும் சாப்பிடாம மலைக்கு வர்ற பொம்பளைங்க வெயில் ஏறுனதும் விழுந்துருவாங்க. படுக்க வெச்சு காலைத் தூக்கிப் பிடிப்போம். எங்கம்மா சிலோன் தோட்டத்துல இருந்தப்பவும் அப்படித்தான் செய்வாங்களாம்."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வண்டி நகர்ந்தது. நாற்பது நிமிடம் போயிருந்தது.

பைக்காராவில் நீர்ப்பரப்பே தெரியாத அளவுக்குப் பனி. எட்டே காலுக்கு ஊட்டி. டீ குடிக்க நேரமில்லை. குன்னூர் வண்டியில் நின்றுகொண்டே போனோம். கேத்தி தாண்டியபோது வெயில் வந்தது. சரிவுகளில் கேரட் பாத்திகள் பளபளத்தன. ஒன்பது நாற்பதுக்கு மண்டபத்தின் படியேறியபோது என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

முப்பது பேர் இருந்தார்கள். பெரும்பாலும் என்னைவிட இளையவர்கள். பயிற்சி கொடுத்தவர் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மயக்கவியல் மருத்துவர், ஐம்பது வயதுப் பெண்மணி. எடுத்த எடுப்பிலேயே, "உங்க கிளினிக்ல யாராவது நினைவு தப்பி விழுந்திருக்காங்களா? கை தூக்குங்க" என்றார்.

ஒரு கையும் எழவில்லை. செல்வி என்னைப் பார்க்கவில்லை. தன் மடியில் இருந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்க்காமைதான் என்னால் தாங்க முடியாமல் போனது. கை தூக்கினேன்.

எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். நான் அசையாமல் நின்றதையும், செல்வி செய்ததையும். யாரும் சிரிக்கவில்லை.

"ஆக்சிஜன் குடுத்தீங்களா?" என்றார் அந்த அம்மா.

"இல்லீங்க."

"சிலிண்டர் இருக்குதுங்களா?"

"இருக்கு. கிளினிக் திறந்தப்ப வாங்கினது."

"கடைசியா எப்பத் திறந்து பாத்தீங்க?"

செல்வியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்தார். "நான் வந்து ஆறு வருஷமாச்சுங்க மேடம். வாராவாரம் அதைத் தொடைக்கறேன். தொறந்து பாத்ததில்லீங்க."

அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை. மற்றவர்களைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். நான்கு பேருக்குத்தான் பதில் தெரிந்திருந்தது.

பிறகு ஒவ்வொரு குழுவாக, ஆள் அளவுப் பொம்மையை வைத்து நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கும் பயிற்சி. எங்கள் முறை வந்தபோது எனக்கு மறுபடியும் கை ஓடவில்லை. "ஏனுங்க டாக்டர், ஆளு மூச்சு விடலீங்க. என்ன பண்றீங்க?" என்று காதருகே அந்த அம்மாவின் குரல் கேட்டது. செல்வி 108-க்குப் போன் செய்வதுபோல நடித்துக்கொண்டே, "டாக்டர், நெஞ்சுல கை வைங்க. நான் எண்ணறேன்" என்றார். வைத்தேன். அவர் எண்ண, நான் அழுத்தினேன். முப்பது முறை அழுத்தி, இரண்டு முறை மூச்சு கொடுத்து, மறுபடியும் முப்பது. மூன்றாவது சுற்றில் கை என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. பிற்பகலில் இரண்டாவது தடவை செய்தபோது செல்வி எண்ண வேண்டியிருக்கவில்லை.

மூன்றரைக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை உறையில் போட்டுப் பையில் வைத்தேன். எனக்கு அந்தச் சிலிண்டர் நினைப்பாகவே இருந்தது. ஊட்டி வண்டியில் உட்கார்ந்ததும் செல்வியிடம் கேட்டேன். "அதைத் திறக்கற சாவி எங்க இருக்கு?"

"கையுறை டப்பாவுக்கு அடியில ஒண்ணு கெடக்குதுங்க. அதுவான்னு தெரியலைங்க."

குன்னூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மண்டபத்திலிருந்து பத்து நிமிடம். எங்கள் ஊரில் ஓவேலி உள்பக்கத்திலிருந்தெல்லாம் ஜீப் பிடித்து என்னிடம் வருகிறார்கள். என் நாற்காலியில் ஒருவருக்கு மூச்சு நின்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை அவருக்கு இருப்பது நானும் செல்வியும்தான். இத்தனை வருடமும் இதை நான் நினைக்காமல் இருந்திருக்கிறேன். ஊட்டியில் வண்டி மாறினோம். தலைகுந்தா தாண்டி யூகலிப்டஸ் மரங்களுக்கிடையே வெளிச்சம் மங்கியது. வண்டி நடுவட்டம் இறங்கும்போது, "அன்னிக்கு நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும்னு தெரியலை, செல்வி" என்றேன். அவர் தலையாட்டினார். "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சுங்க. அன்னிக்கு ஊட்டுக்குப் போயித்தான் அழுதேன்."

ஏழே காலுக்குக் கூடலூர். இருவருமே வீட்டுக்குப் போகவில்லை. கிளினிக்கைத் திறந்து விளக்கைப் போட்டோம். கையுறை டப்பாவுக்கு அடியில் இருந்த சாவி பொருந்தியது. கால் சுற்று திருப்பினேன், பிறகு முழுச் சுற்று. சத்தம் வரவில்லை. அழுத்தம் காட்டும் மானியின் முள் பூஜ்ஜியத்திலேயே நின்றது. செல்வி வாரம் தவறாமல் துடைத்த அந்தச் சிலிண்டர் பளபளவென்று இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

மறுநாள் பல் எடுக்க மூன்று பேருக்கு நேரம் கொடுத்திருந்தேன். செல்வி நோட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். முதல் பெயர் தேவர்சோலையில் இருக்கும் ஒரு பள்ளி ஆசிரியை. அவருக்குப் போன் செய்தேன்.

"டீச்சர், நாளைக்கு வேண்டாங்க. ஊசி போடறப்ப யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா குடுக்க ஆக்சிஜன் எங்கிட்ட இல்லை. ரெண்டு நாள்ல வந்துரும். அதுவரைக்கும் வலிக்கு மாத்திரை சொல்றேன்."

"போன மாசம் எனக்கு ஒரு பல்லு எடுத்தீங்களே டாக்டர், அப்ப இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க டீச்சர்" என்றேன்.

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"சரிங்க. வந்ததும் கூப்பிடுங்க, வர்றேன்" என்றார்.

செல்வி நோட்டில் அடுத்த பெயரின் மேல் விரலை வைத்தார்.