தங்கராசு கடை வரிசையில் பதினொரு நாள்

கீழ்வேளூரிலிருந்து தங்கராசுவின் தம்பி செல்வம் தொலைபேசியில் பேசியபோது, நான் சீர்காழியில் என் வீட்டில் மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "அண்ணன் போயிட்டாருங்க சார். தூக்கத்துலயே" என்றார். "அப்படியா" என்றேன். வியாழக்கிழமைக் கட்டத்தில் இரண்டு தடவை மாத்திரை போட்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். அது துக்கம்தானா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை என்றே படுகிறது.

முப்பதாம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி செல்வம் கேட்டார். தயங்கினேன். கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் நான். பார்த்ததைப் பார்த்தபடி எழுதத்தான் தெரியும், பார்த்ததோ நல்லதாக இல்லை. என் மனைவி கமலா, "திட்டியே எழுதுங்க. அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு" என்றாள். அவரோடு நட்பு வைத்திருந்தவள் அவள்தான். நான் வைத்துக்கொள்ளவில்லை. என் நினைவில் பிழை இருக்கலாம். ஆனால் சிங்கப்பூரில் இருந்த நாட்களின் குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஊரில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் அவரை 'ஏழைகளுக்கு அன்னமிட்ட வள்ளல்' என்று போட்டிருந்தார்கள். சிங்கப்பூரில் அவர் கடை வரிசையில் நின்ற யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். காபி குடிக்கவே யோசிக்க வேண்டிய அந்த நகரத்தில், ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்புறச் சந்தில், வயிறு நிறையச் சோறும் குழம்பும் ரசமும் கூலிக்காரர்கள் வாங்கும் விலையில் கொடுத்தார் என்பது உண்மை. மேசை கிடையாது. பரிமாற ஆள் கிடையாது. கவுன்டரில் வாங்கி, நின்றபடி தின்றுவிட்டு, தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். ஒருவர் அவரைப் புகழ்ந்தபோது அவர் சொன்ன பதிலை நானே காதால் கேட்டேன்: "நான் என்ன கோயிலா நடத்துறேன், தானம் பண்ண? விலைய ஏத்துனா சிரிச்சிக்கிட்டே பேசணும். எனக்குச் சிரிக்க வராது."

கமலாவின் வயிற்று அறுவைச் சிகிச்சைக்காக எங்கள் மகன் எங்களை அங்கே அழைத்திருந்தான். சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆனால் அவளுக்கு எதுவும் இறங்கவில்லை. குழைந்த சோறும் ரசமும் மட்டும் உள்ளே போயிற்று. அது தங்கராசு கடையில்தான் கிடைத்தது. எடை ஏறாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் பகலில் வேலைக்குப் போய்விடுவான். பார்சல் வாங்கி வருவது என் பொறுப்பு.

ஆளுக்கு ஒரு பார்சல் என்பது கடை விதி. டப்பாவில் ஒரு கரண்டி சோறு வைப்பார். "போதுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்பார். இன்னும் வேண்டும் என்றால், அதே விலைக்கு, கேட்ட அளவு வைப்பார். முதல் நாள் நான் "போதும்" என்றேன். எங்கள் பக்கத்துப் பந்தியில் வளர்ந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். பரிமாறுகிறவர் கேட்டதும் கையை இலைக்கு மேல் நீட்டிப் போதும் என்போம். அவர் விடமாட்டார், இரண்டாம் தடவை கேட்பார், மூன்றாம் தடவை கேட்காமலே வைப்பார். அதற்குள் எடுத்த எடுப்பில் இன்னும் போடு என்பவனைப் பந்தியே திரும்பிப் பார்க்கும். நான் இரண்டாம் தடவைக்காகக் காத்து நின்றேன். அவர் டப்பாவை மூடி, "அடுத்து" என்றார்.

இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் என் பின்னால் நின்ற பேராவூரணிப் பையன், தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கேளுங்க சார், கடிக்க மாட்டாரு" என்றான். "கடிப்பேன்" என்றார் தங்கராசு. "அடுத்து." வரிசை சிரித்தது. அதன்பின் வந்த நாட்களிலும் "போதும்" என்றே சொன்னேன்.

கமலா டப்பாவை வழித்துத் தின்றுவிட்டு, "அவ்ளோதான் குடுத்தாரா?" என்று கேட்பாள். "அந்தக் கடையில அவ்ளோதான் குடுப்பாங்க" என்பேன். என் குறிப்பேட்டில் அவள் எடை தேதிவாரியாக இருக்கிறது. பதினொரு நாளும் அது ஏறவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் நர்ஸ் குழாயைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மதியம் வரிசையில் நின்றேன். "போதுமா?" என்றார்.

"போதாது. எம் பொண்டாட்டிக்குப் பசிக்குது. இன்னும் போடு."

அறிமுகமில்லாத ஒருவரை அதற்கு முன் நான் ஒருமையில் பேசியதில்லை. அவர் முகம் மாறவில்லை. மூடி மூடாத அளவுக்குச் சோறு வைத்து, ரசத்தைத் தனிக் குவளையில் ஊற்றித் தந்தார். "அடுத்து" என்றார். அன்று கமலா சாப்பிட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஐந்து நாள் கழித்துக் குழாயைப் போடாமலே திருப்பி எடுத்துப் போனார்கள்.

ஊர் திரும்பும் முன் அவரிடம் கேட்டேன். "நோயாளிக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். சட்டையில ஆஸ்பத்திரி ஸ்டிக்கர ஒட்டிக்கிட்டுத்தான தெனம் வந்தீங்க."

"தெரிஞ்சும் ஏன் போடல?"

"போதும்னீங்க. நானும் நம்ம பக்கத்து ஆளுதான் சார், கீழ்வேளூரு, அந்தப் போதும் எனக்குத் தெரியாதா? உங்களுக்குப் பின்னால அறுவது பேரு நிக்கிறான். ஒவ்வொருத்தனயும் மூணு தடவ கேட்டா, கடைசி ஆளு திங்காமயே வேலைக்கி ஓடணும்."

பதில் சரிதான். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் மறுக்க முடியவில்லை. அதனால்தான் கோபம் இன்னும் ஆறவில்லை. பதினொரு நாளில் ஒரே ஒரு நாள் இரண்டாம் தடவை கேட்டிருந்தால் அறுபதாவது ஆள் பட்டினி கிடந்திருக்க மாட்டான்.

கடையை விட்டுவிட்டுக் கீழ்வேளூருக்குத் திரும்பி வந்து குத்தகைக்கு நிலம் பிடித்தபோதும் அவர் மாறவில்லை. தேறிய பிறகு கடைக்கு வந்து அவரோடு பழகிக்கொண்ட கமலா, பொங்கலுக்குப் போனில் பேசுவாள். நான் வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பேன். "சார் இப்பவாச்சும் கேட்டுச் சாப்பிடுறாரா?" என்று அவர் கேட்டதாகச் சொல்லுவாள். அவர் எதற்காக அப்படிக் கேட்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். செல்வம் பரிமாறிக்கொண்டே வந்து, "போதுங்களா சார்?" என்றார். கை பழக்கத்தில் இலைக்கு மேல் போயிற்று. இழுத்துக்கொண்டேன். "இன்னொரு கரண்டி போடுங்க, ரசத்துக்கு" என்றேன். பந்தியில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தங்கராசுவிடமிருந்து எனக்கு வந்துசேர்ந்தது அந்த ஒரு கரண்டிதான். அதற்காக நன்றி சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் என்னிடம் தங்கிவிட்டது. கமலாவின் மனதில் அன்று சோற்றைக் குறைத்தது அந்தக் கடை. அவர் இருந்தவரை பழியை அவர் தலையில் வைத்திருந்தேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இனி அதை வைக்க வேறு தலை இல்லை. மலர் அச்சாகி வந்ததும் முதலில் படிக்கப்போகிறவள் அவள். கமலா, அவர் குறைத்துக் கொடுக்கவில்லை. நான்தான் போதும் என்றேன்.