முப்பத்தொரு வீட்டுக்கு ஒரே எண்

கன்னியம்மாள் அக்காவை நான் திட்டாத மாதம் கிடையாது. ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஆன்லைன் கடை நடத்துகிறேன். சாதிச் சான்றிதழ், பட்டா நகல், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, காலேஜ் விண்ணப்பம் எல்லாம் என்னிடம்தான் வரும். எதைச் செய்தாலும் கடைசியில் போனுக்கு ஓர் ஆறு இலக்க எண் வரும். அதைச் சொன்னால்தான் வேலை முடியும். குண்டாங்கொல்லையிலிருந்து யார் வந்து உட்கார்ந்தாலும், "போன் நம்பர் சொல்லுங்க" என்றால் எல்லாரும் ஒரே நம்பரைத்தான் சொல்வார்கள். அது அக்காவின் நம்பர்.

குண்டாங்கொல்லை மலையின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது. முப்பத்தொரு வீடுகள், டவர் கிடையாது. கீழே சந்தவாசல் பக்கத்திலிருந்து தப்பித் தவறி ஏறி வருகிற சிக்னல் அக்காவின் கொல்லையில் நிற்கும் பலாமரத்தடியில் மட்டும் விழும். அதுவும் மரத்தில் அடித்த ஆணியில், மஞ்சப்பைக்குள் போனைப் போட்டுத் தொங்கவிட்டால்தான். எடுத்துக் காதில் வைத்தால் போய்விடும். அதனால் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பையைப் பார்த்துத்தான் பேசுவாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஆதார் முகாம் போட்டார்கள். மொபைல் நம்பர் வேண்டும் என்றதும் முதலில் நின்ற சின்னராஜ், ஊரில் வேலை செய்கிற ஒரே போனின் நம்பரைச் சொன்னார். அடுத்து நின்றவரும் அதையே சொன்னார். சாயங்காலத்துக்குள் ஊரே அக்காவின் நம்பரைக் கொடுத்துவிட்டது. யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. ஊருக்கு ஒரு கிணறு இருப்பது மாதிரி ஊருக்கு ஒரு நம்பர், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அக்காவின் வாழ்க்கை அந்த மரத்தைச் சுற்றியே போகிறது. மகளைக் கட்டிக்கொடுத்த கணியம்பாடிக்குப் போனால்கூட ஒரு ராத்திரி தங்க மாட்டாள். "யாருக்குனா நம்பர் வந்துச்சுன்னா?" என்று அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். சாமைக்குக் களை எடுத்துக்கொண்டிருப்பாள், பை கிணுகிணுக்கும், ஓடுவாள். யாருக்கு வந்தது என்று பார்த்து, கேட்டவர்களுக்குச் சொல்வாள். கேட்பது பெரும்பாலும் நான்தான். சரிவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு என்றால் கிளி விரட்டுகிற குரலில் இரண்டிரண்டு எண்ணாகக் கத்துவாள்.

யாருக்கு வந்தது என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? செய்தியில் ஆதாரின் கடைசி நாலு எண் இருக்கும். அக்காவுக்கு எழுத்து வராது, எண் வரும். நாற்பத்துநாலு பதினேழு என்றால் சின்னராஜ். பன்னிரண்டு எழுபது என்றால் கிணற்றோரம் ரஞ்சிதம். டிகிரி படித்த நான் நோட்டைப் புரட்டித் தேடுவதற்குள் அவள் பெயரைச் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தனக்கென்று மட்டும் எந்த விண்ணப்பமும் எழுதிப் போட்டவள் இல்லை. அவள் வீட்டுக்காரர் மிளகு பறிக்கக் கேரளா போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. செத்தார் என்று தகவல் இல்லை, இருக்கிறார் என்றும் தகவல் இல்லை. என்ன எழுதி எந்த உதவிக்கு விண்ணப்பிப்பது? "அந்தாளு பேர்ல செத்துட்டாருன்னு எழுதறதுக்கு என் கை வராது நீலா" என்று சொல்லிவிட்டாள். அதற்கும் திட்டினேன்.

போன வியாழக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினாள். கையில் மஞ்சப்பை. அந்தப் பை ஆணியை விட்டு இறங்கியது என்றால் ஊரில் ஏதோ சாவு என்றுதான் நினைத்தேன்.

"இன்னாக்கா, பையோட வந்துட்ட?"

"நீ வேலைய முடி. நான் உக்காந்துனு கீறேன்" என்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

கடையில் தனசேகரன் இருந்தார். சாமை வியாபாரி. பட்டா நகலுக்காக அரை மணி நேரமாகக் காத்திருக்கிறார், சர்வர் திறக்கவில்லை. காத்திருக்கிற ஆள் சும்மா இருப்பாரா? என் பேப்பரை எடுத்து உலகத்துக்கே படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இனிமே டவரே வேணாமாம்மா. மானத்துல இருந்து நேரா நெட்டு வுடப் போறானாம்."

"மொதல்ல இந்தச் சர்வர வுடச் சொல்லுங்க" என்றேன்.

"கம்ப்யூட்டரு மனுசனாட்டம் பேசுதாம், கேட்டா கதை எழுதிக் குடுக்குதாம். எங்க வூட்ல மனுசன் பேசறதே போன்ல கேக்க மாட்டேங்குது!"

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. மடியில் பை ஒரு தடவை அதிர்ந்தது. அவள் துள்ளி விழுந்தாள், எடுத்துப் பார்த்தாள். "ரஞ்சிதத்துக்கு வந்துகீது. கேஸ் சிலிண்டருக்கா இருக்கும்" என்று முனகினாள். அங்கே ரஞ்சிதம் பலாமரத்தடியில் வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தேன். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொல்லுக்கா. இன்னா ஆச்சு?"

காதோரம் குனிந்து சொன்னாள். விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு கால் வந்திருக்கிறது. ஆம்பிளைக் குரல், நல்ல மரியாதையாக. உங்க வீட்டுப் பொண்ணுக்குக் காலேஜ் உதவித்தொகை வந்திருக்கு அம்மா, இப்ப ஒரு நம்பர் வரும், சொன்னீங்கன்னா முடிஞ்சுது என்றிருக்கிறான். நம்பர் வந்திருக்கிறது. அக்கா சொல்லிவிட்டாள்.

"எந்தப் பொண்ணுன்னு கேட்டியா?"

"நீதான சொன்ன, தமிழரசிக்கு நம்பர் வரும், வந்தா ஒடனே சொல்லுன்னு? அதுதான்னு நெனச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. தமிழரசி சின்னராஜின் மகள். நர்ஸிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. குண்டாங்கொல்லையிலிருந்து காலேஜுக்குப் போகப் போகிற முதல் பெண். வெள்ளிக்கிழமைக்குள் ஆன்லைனில் உறுதி செய்ய வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவளை வெள்ளிக்கிழமை கடைக்கு வரச் சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமையே அக்காவுக்குப் போன் போட்டு, "தூங்கிடாத, நம்பர் வந்தா ஒடனே சொல்லு" என்று விரட்டியவள் நான்தான்.

"அப்புறம் எப்பிடித் தப்புன்னு தெரிஞ்சுது?"

"கீழ சந்தவாசல்ல வேலைக்குப் போயிருக்கற சின்னராஜுக்கு நல்ல சேதி சொல்லலாம்னு போன் போட்டேன். ரிங்கு போறதுக்கு முன்னாடி ஒரு பொம்பள பேசும் பாரு, யார்கிட்டயும் நம்பர் சொல்லாதீங்கன்னு. தெனம் கேக்கறதுதான். இன்னைக்குத்தான் காதுல வுழுந்துது. லைன் போறதுக்குள்ள வச்சுட்டேன்." பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "அந்தப் பொண்ணோட சீட்ட நான் எவனுக்கோ எடுத்துக் குடுத்துட்டேனா நீலா?"

போனை வாங்கிச் செய்தியைப் பார்த்தேன். கடைசி நாலு எண் அறுபது தொண்ணூற்றுமூன்று. "இது தமிழரசியோடதா?" என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. தமிழரசியின் விண்ணப்பத்தைப் பள்ளிக்கூடத்திலேயே போட்டுவிட்டார்கள், அவளுக்கென்று அக்காவுக்கு இதுவரை எதுவும் வந்ததில்லை, அதனால் இந்தப் புது எண் அவளுடையதுதான் என்று எடுத்துக்கொண்டாளாம்.

தமிழரசியின் விண்ணப்பத்தைத் திறந்தேன். சர்வர்தான் தூங்குகிறதே, திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரல் நகம் ரவிக்கையைத் தாண்டிக் குத்தியது. நானும் உள்ளுக்குள் வேண்டாத சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன். நாலு நிமிஷமோ அஞ்சு நிமிஷமோ, பக்கம் ஒருவழியாகத் திறந்தது. தமிழரசியின் கடைசி எண் இருபத்தெட்டு எழுபத்தொன்று.

"அவளோடது இல்லக்கா!" என்று கத்திவிட்டேன்.

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மூச்சு விட்டாள். உடனே நிமிர்ந்தாள். "அப்ப யார்து?"

அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊரை வீடு வீடாகச் சுற்ற ஆரம்பித்தாள். கிணற்றோரம் ரஞ்சிதம், அவள் மாமனார், கோயில் பக்கம் கோகுல்ராஜ், அவன் அம்மா. ஒவ்வொருவருக்கும் நாலு எண். நான் நோட்டில் சரிபார்த்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. பூவரசனின் புதுப் பெண்டாட்டி வரைக்கும் வந்தாள். "அவளுக்கு அவ அம்மா வூட்டு நம்பர்" என்று தள்ளினாள். முப்பது வீடும் முடிந்தது. அறுபது தொண்ணூற்றுமூன்று எங்கேயும் இல்லை.

"எவனோ கொழந்தைக்குக் கார்டு எடுத்துட்டு என்கிட்ட சொல்லாம வுட்டுட்டானா? ஒரு பாவமும் அறியாத உசுருக்கு நான் தீம்பு பண்ணிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தனசேகரன் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் சொன்னது முப்பது வீடு.

"அக்கா, உன் கார்டு எங்க?"

"என்னுது எதுக்கு?"

"எடு."

இடுப்புச் சுருக்குப்பையில் எட்டாக மடித்து வைத்திருந்தாள். மடிப்பெல்லாம் கிழிந்த காகிதம். விரித்தேன். கடைசியில் அறுபது தொண்ணூற்றுமூன்று.

பதினோரு வருஷத்தில் அந்த எண்ணுக்கு ஒரு செய்தியும் வந்ததில்லை. ஊர் எண்ணையெல்லாம் மனப்பாடம் பண்ணினவளுக்குத் தன் எண் தெரியாது. கார்டின் ஜெராக்ஸ் யாரிடமாவது கொடுத்தாயா என்று கேட்டேன். போன ஆடியில் இலவச அடுப்பு தருவதாக ஒருவன் வந்து வாங்கிப் போனானாம்.

"என்னோடதா?" என்றாள். முகம் அப்படியே மலர்ந்தது. "என்னோடதுதானா? அப்பாடா! நல்ல வேள நீலா, நல்ல வேள!" கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "இன்னா நல்ல வேள? உன் பேர்ல எவனாவது சிம்மு வாங்கி, அதை வச்சு நாலு பேர ஏமாத்தினா போலீஸ் உன்னத்தான தேடி வரும்? நீ மனுசி இல்லையா?" என்று எகிறினேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

சரி, நடந்தது நடந்தது, முதலில் பூட்டிவிடுவோம் என்று நினைத்தேன். ஆதாரை வேறு யாரும் பயன்படுத்தாமல் ஆன்லைனில் பூட்டி வைக்கலாம். அவள் எண்ணை அடித்தேன். நல்ல காலம், இந்தத் தடவை பக்கம் உடனே திறந்தது. மஞ்சப்பை அதிர்ந்தது.

"நம்பர் வந்துச்சு பாருக்கா. சொல்லு, பூட்டிடறேன். பத்து நிமிஷந்தான் டைம்."

அக்கா போனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பிறகு போனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சொல்லுக்கா."

"வேணாம் நீலா."

"உன் நல்லதுக்குத்தான் கேக்கறேன்."

"அவனும் அப்பிடித்தான் சொன்னான். உன்ன வுட மரியாதையா கேட்டான்."

தூக்கிவாரிப்போட்டது. "நானும் அவனும் ஒண்ணா?" என்றேன்.

அவள் என் தலைக்கு மேலே சுவரைக் காட்டினாள். "அந்தச் செவப்புப் பேப்பர்ல இன்னா எழுதிகீது? படிச்சுச் சொல்லு."

தாலுகா முகாமில் கொடுத்த நோட்டீஸ், நான்தான் ஒட்டினேன். "ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று படித்தேன்.

"யார்கிட்டயும்னா, உன்கிட்டயும்தான?"

கெஞ்சிப் பார்த்தேன். நீயே அடி என்று கீபோர்டைத் தள்ளினேன். அவள் அதைத் தொடப் பயந்து கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பத்து நிமிஷம் ஓடிப்போய், நேரம் முடிந்தது என்று திரையில் வந்தது.

அக்கா எழுந்து போனைப் பைக்குள் போட்டுச் சுருட்டினாள். "நாளைக்குத் தமிழரசியக் கூட்டினு நானே போனோட வர்றேன். அவ நம்பர அவளே பாத்துக்கட்டும். இனிமே என் வாயால யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றாள். அப்படியென்றால் மற்ற வீடெல்லாம் என்ன செய்யும் என்று கேட்டேன். "தெர்ல நீலா" என்றாள். பதினோரு வருஷத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்காத பதில் அது. பஸ் ஏறும் வரை திரும்பிப் பார்க்கவே இல்லை.

நான் வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சர்வர் ஒழுங்காக ஓட ஆரம்பித்திருந்தது. தனசேகரன் பட்டா விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். அவர் நம்பரை அடித்தேன். நம்பர் வந்துச்சா என்று வழக்கமாகக் கேட்பேன். அன்று வாய் வரவில்லை. நான் கேட்பதற்கு முன்பே அவர் போனைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஆறு எண்ணையும் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தார்.