டிக்கிக்குள் எரிந்த பல்பு

எங்கள் வீட்டில் பதினோரு நாளைக்கு நான்தான் தபால்காரி. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. அம்மாவின் ஊரான நாசரேத்தில், அவள் படித்த பள்ளிக்கூடத்திலேயே அவளை டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "அங்கன போய் என்ன செய்யப் போற? இங்கன பாக்குற வேலைக்கு என்ன குறைச்சல்?" என்று அப்பா அவள் பதிலைக் கேட்காமலே முடித்துவிட்டார். அன்றிலிருந்து, "சாப்பாடு எடுத்து வச்சாச்சுன்னு சொல்லு", "குழம்புல உப்பு இல்லைன்னு சொல்லு" என்று எல்லாம் என் வழியாகத்தான். எனக்கு எட்டு வயது. அவ்வளவு பெரிய பதவியில் நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. சண்டை இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று உள்ளுக்குள் ஆசைகூட இருந்தது, பாவி எனக்கு.

அந்த நேரம் பார்த்து கார் படுத்துக்கொண்டது. அம்மாவின் அப்பா ஓட்டிப் பழசாக்கிக் கொடுத்த வெள்ளைக் கார். அம்மாதான் ஓட்டுவாள். காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. கடைக்காரர் வந்து பேட்டரியை மாற்றினார். புதுசும் ஒரே ராத்திரியில் செத்தது. அம்மா மூன்று நாளாகப் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனாள். வீட்டுக்கு வந்ததும் காரையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"திங்கக்கிழமைக்குள்ள வண்டி ஓடியாகணும்னு சொல்லு" என்று அம்மா சொல்லியனுப்பினாள்.

அப்பா துறைமுகத்தில் கிரேன்களுக்கே கரண்ட் வேலை பார்ப்பவர். வீட்டு வாசலில் ஒரு கார் அவரை ஏய்ப்பதா? "ஞாயித்துக்கிழமையே ஓடும்னு சொல்லு" என்றார்.

சனிக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்தோம். பேட்டரி முனையில் உப்புப் பூத்திருந்தது. எங்கள் ஊர்க் கடல் காற்றில் அது சகஜம். வெந்நீர் ஊற்றிக் கழுவினோம். அப்புறம் அப்பா பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பை மாட்டினார். சாவி போடவில்லை, கதவெல்லாம் மூடியிருக்கிறது. இருந்தும் பல்பு மங்கலாக எரிந்தது.

"பாத்தியாளா? வண்டி தூங்கையில எவனோ கரண்ட்டைக் குடிக்கான்."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் காருக்குள் ஒரு திருடன். அப்பா ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பல்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பது என் வேலை. முதல் ஃபியூஸ், எரிகிறது. இரண்டாவது, எரிகிறது. மூன்றாவதைப் பிடுங்கியதும் பல்பு அணைந்தது. நான் குதித்த குதியில் ஸ்பேனர் பெட்டி கவிழ்ந்தது.

அந்த ஃபியூஸில் மூன்று பேர் உண்டு: உள்விளக்கு, கடிகாரம், டிக்கி பல்பு. ஃபியூஸைத் திரும்பப் போட்டு, உள்விளக்கைக் கழற்றினோம், முன்னால் மாட்டிய பல்பு எரிந்தது. கடிகாரத்தைப் பிரித்தோம், அப்போதும் எரிந்தது. மிச்சம் ஒருத்தன்தான்.

"டிக்கி சாவியைக் கேட்டு வாங்கிட்டு வா."

ஓடினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "சாவி தொலைஞ்சு போச்சுன்னு சொல்லு" என்றாள், முகத்தைத் திருப்பாமல்.

அதற்கெல்லாம் அசருகிற ஆளா அப்பா? பின் சீட்டின் சாய்மானத்தைக் கழற்றி, கிடைத்த சந்தில் என்னை உள்ளே அனுப்பினார். அந்த வீட்டிலேயே அதில் நுழையத் தோதான உடம்பு என்னுடையதுதான். உள்ளே மஞ்சளாக வெளிச்சம். மூடிய டிக்கிக்குள் பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. திருடனைப் பிடித்துவிட்டேன்.

"எரியுதுப்பா. இங்கன ஒரு பெட்டி நிக்கி. அது முட்டி முட்டித்தான் மூடி சரியா இறங்கல, சுவிட்ச்சு அமுங்கல."

"என்ன பெட்டி?"

"ஊருக்குப் போற பெட்டி. ஜிப்பு பாதி திறந்து கிடக்கு. என் மஞ்ச கவுன் இருக்கு. அம்மா சேலையெல்லாம் இருக்கு." இன்னும் கொஞ்சம் கிளறிப் பார்த்தேன். "உங்க சட்டை ஒண்ணுகூட இல்லையேப்பா. எடுத்துட்டு வரட்டா?"

அப்பா சந்து வழியாகக் குனிந்து பெட்டியைப் பார்த்தார். "பெட்டியைப் படுக்க வச்சுட்டு வா" என்றார். படுக்க வைத்தேன். மூடி டக்கென்று இறங்க, பல்பு அணைந்தது. வெளியே வந்து பார்த்தால், முன்னால் மாட்டியிருந்த பல்பும் அணைந்திருந்தது. இவ்வளவு பெரிய வெற்றிக்கு அப்பா கைகூடத் தட்டவில்லை. கையில் ஸ்பேனரை வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஊருக்குப் போகிறோம், அதுவும் சொல்லாமல் கொள்ளாமல். அப்பா மட்டும் மாற்றுத் துணி இல்லாமல் எப்படி வருவார்? கொடியில் கிடந்த அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்துச் சுருட்டி, அவர் சீட்டை மாட்டுவதற்குள் சந்து வழியாகப் போய்ப் பெட்டிக்குள் திணித்துவிட்டு வந்தேன். ஜிப்பையும் ஒழுங்காக இழுத்து மூடினேன்.

பெட்டியும் கையுமாகப் பஸ்ஸுக்கு நின்றால் தெரு முழுக்கக் கேட்கும் என்றுதான் அம்மா கார் சரியாகக் காத்திருந்தாள். அந்தப் பெட்டியேதான் அவள் காரை மூன்று நாளாக ஓடவிடாமல் வைத்திருந்தது. இதெல்லாம் நான் வளர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தது.

ராத்திரி முழுக்க பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றியதில், ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா சாவியைத் திருப்பிய ஒரே திருப்பில் கார் உறுமியது. "இனிமே எப்ப வேணும்னாலும் எடுக்கலாம்னு சொல்லு" என்றார் அப்பா. குரல் கம்மியிருந்தது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

அம்மா இன்ஜினை அணைத்தாள். தொலைந்துபோன சாவி அவள் கைக்கு எப்படியோ வந்திருந்தது. டிக்கியைத் திறந்தாள், பெட்டியைத் திறந்தாள், அப்படியே நின்றாள். பிறகு அந்தச் சட்டையோடு நேரே அப்பா முன்னால் வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இப்படிக் கசக்கியா வைக்கது? இதைப் போட்டுட்டு நாசரேத்துக்கு வந்தா எங்க ஊர்ல என்ன நினைப்பாக?"

அப்பா சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வைத்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் காலை மிதித்தார், நல்லா வலிக்கவே.

"தேச்சுத் தா. போட்டுட்டு வாரேன். அந்தப் பள்ளிக்கூடத்தையும் பாத்துட்டு வருவோம்."

நாசரேத் போய்ச் சேரும்வரை பின் சீட்டில் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. திருடனைப் பிடித்தது நான், சட்டையை வைத்தது நான். பேர் மட்டும் அவருக்கு, மிதி எனக்கு. போதாததற்குத் தபால் வேலையும் போயிற்று. இனி அப்பாவோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

"அம்மா," என்றேன், "ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்க அவரை."

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.