சிமெண்ட் வைத்து அடைத்த பொந்துகள்

ஓவர்சியர் சார், அந்தக் குஞ்சுகளைக் கொன்றது நீங்கள்.

அடைத்த கை என்னுடையது. அதை நான் மறைக்கவில்லை. நெய்யாற்றங்கரையில் பறவைகளுக்கென்று வேலி போட்டுப் பலகை வைத்த இடம் அது. கரை இடியாமல் இருக்க, அதன்மேல் சிமெண்ட் பூசிச் சுவராக்கும் வேலையை எட்டுப் பேர் உங்கள் கீழ் பார்த்தோம். செங்குத்தான மண்கரையில் ஏழு பொந்துகள் இருந்தன.

"எல்லாம் பாம்புப் பொந்தாக்கும். அடைச்சுப் பூசுங்க" என்றீர்கள்.

சாந்து சுமந்து வந்த காஞ்சிரங்குளத்து அக்கா என் காதில் சொன்னாள்: "பாம்பு உண்டும்னா ஓவர்சியர் சாறுக்க காலு இவ்வளவு கிட்ட நிக்குமா மக்கா?"

சிரித்தோம். சிரித்துக்கொண்டே அடைத்தோம்.

பத்து மணிச் சாயா குடிக்கும்போது ஒரு பொன்மான் வந்தது. மீன்கொத்தியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வாயில் மீன். நேராக நான் பூசிய இடத்தில் போய் மோதியது. கீழே விழப் பார்த்து, சுற்றி வந்து, மறுபடியும் மோதியது. மீனை விடவே இல்லை. பாம்புப் பொந்துக்கு எந்தப் பறவை மீன் கொண்டுவரும்?

கடப்பாரையால் குத்தினேன். சாந்து இன்னும் இறுகவில்லை. முழங்கைவரை கையை விட்டேன். மீன்முள், நாற்றம், அப்புறம் சூடாக ஏதோ அசைந்தது. நான்கு குஞ்சுகள், உயிரோடு. நீங்களும் குனிந்து பார்த்தீர்கள்.

"மிச்ச ஆறையும் தொறந்திருவோம் சாறே."

"எலே, கம்பிய கீழ வை. நாளைக்கு மேலதிகாரி பாக்க வாறாரு. செவரு முழுசா இருக்கணும்."

"உள்ள குஞ்சு உண்டு சாறே, செத்துப்போவும்!"

"பட்சிதானே. வேற முட்டை போடும்."

இதைப் பறவைகளைக் காப்பாற்றும் இடத்தில் நின்று சொன்னீர்கள். கடப்பாரையைப் பிடுங்கி ஜீப்பில் போட்டீர்கள். என்னை வெளியே தள்ளி வேலிக் கதவைப் பூட்டினீர்கள். மற்ற ஏழு பேரும் தலையைக் குனிந்து சாந்து குழைத்தார்கள்.

மறுநாள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். புதுச் சுவருக்கு முன்னால் அதிகாரியோடு நின்று படம் எடுத்துக்கொண்டீர்கள். எதிர்க்கரைக் கைதைப் புதரில் பொன்மான்கள் கத்திக்கொண்டிருந்தன. நான் குத்தித் திறந்த ஒரு பொந்தைத் தவிர, சுவர் பாறையாக இறுகியிருந்தது.

அடுத்த கிராமசபைக்கு வாருங்கள். அடைத்தது நான் என்று முதலில் நானே எழுந்து சொல்லிவிடுகிறேன். அதன்பிறகு நீங்கள் மைக்கைப் பிடித்து, ஊர் கேட்கச் சொல்லுங்கள்: ஒரு பொந்தில் உயிரைக் கண்ணால் பார்த்த பிறகு, மிச்ச ஆறையும் ஏன் திறக்க விடவில்லை?