பால் வாங்கப் போன ஓட்டம்

கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் அவள். லென்ஸின் ஓரத்தைச் சக்கரத்தில் தேய்த்து, ஃபிரேமுக்குள் உட்காரவைத்து, திருகாணியை முடுக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் லென்ஸ் ஆடும், குறைந்தால் உள்ளே போகாது. கடையில் எல்லோருக்கும் அவள் கண்ணாடிக்காரி. புருஷன் பெயின்டர். எத்தனையோ மாடிச் சுவர்களில் சாரம் கட்டி ஏறிய மனுஷன், ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அப்படியே சரிந்தார். இடது கையும் காலும் விளங்காமல் போயின. பேச்சு மெதுவாகத்தான் வந்தது, ஆனால் நக்கலுக்கு ஒரு குறையும் இல்லை.

ஓட்டம் அவள் தேடிப்போன சமாச்சாரம் அல்ல. ஒரு நாள் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, உடை மாற்றிவிட்டு இறங்குவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. துரத்தினாள். பஸ் நிற்கவில்லை, அவளும் நிற்கவில்லை. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்புக் காலோடு கடை வரைக்கும் ஓடியே போய்ச் சேர்ந்தாள். நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. ஆனால் சக்கரத்தின் முன் உட்கார்ந்தபோது, மாதக்கணக்காகத் தலைக்குள் நொய்நொய் என்று அரித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று வாயை மூடியிருந்தது. அன்று ஒரு லென்ஸ்கூட வீணாகவில்லை. ராத்திரி படுத்தவுடன் தூங்கினாள்.

மறுநாள் பஸ் நின்றது. அவளுக்குத்தான் ஏற மனசில்லை.

அப்புறம் அதுவே வழக்கமாகிப்போனது. விடியற்காலையில் குடியிருப்புக்கு எதிரே இருந்த பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி ஓடினாள். வீட்டில் சொல்லிவிட்டே போயிருக்கலாம்தான். படுத்துக் கிடக்கிற மனுஷனிடம் போய் ஓடிவிட்டு வருகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? பால் வாங்கப் போவதாகச் சொன்னாள். நீல நிறத்தில் ஒரு ஷூ வாங்கி, மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் மோட்டாருக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். கள்ளத்தொடர்பு வைத்திருக்கிறவள்கூட இவ்வளவு பாடுபட மாட்டாள்.

"பால் வாங்கத்தான் போறியா, இல்ல மாட்டத் தேடிப் புடிச்சுக் கறந்துட்டு வர்றியா?" என்பார் பெயின்டர்.

"ஒரே கூட்டங்க," என்பாள்.

அவரைத் தூக்கித் தூக்கி வந்திருந்த இடுப்புவலி போன இடம் தெரியவில்லை. பசித்தது. யார் மேலும் எரிந்து விழத் தோன்றவில்லை. பகலில் அவரை எட்டிப் பார்த்துக்கொள்கிற எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் அவளை நிறுத்தி, "மூஞ்சில ஒரு களை வந்திருக்கே, என்னடி விசேஷம்?" என்றாள். சும்மா கேட்டதுதான். புருஷன் படுத்த படுக்கை, பெண்டாட்டி முகத்தில் களை! அன்றிலிருந்து மாடி ஏறும்போதே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழையப் பழகிக்கொண்டாள்.

பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வந்துபோவாள். நடங்க என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாலும் பெயின்டர் அசையமாட்டார். "எந்தச் சுவரும்மா எனக்காகக் காத்துக் கெடக்கு?" என்பார். ஒரு தடவை அந்தப் பெண் அவர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "காலு நல்லா இறுகியிருக்கே. யாருக்கும் தெரியாம நடக்குறீங்களா?" என்றாள்.

"கனவுல," என்றார்.

அந்த நாள் வந்தது. தூறல் விட்டுக் காற்று குளிர்ந்திருந்தது. மைதானத்தில் ஒரு ஈ காக்கைகூட இல்லை. வழக்கமான சுற்றுகளை முடித்து, மைதானத்தின் கேட்டுப் பக்கம் திரும்ப வேண்டியவள், ஓடச்சொல்லிக் கால் கெஞ்சுகிறதே என்று இன்னும் ஒரே ஒரு சுற்று போனாள். ஆசைதான். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

கதவைத் திறந்தபோது பெயின்டர் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே தரையில் கிடந்தார். நெற்றியில் ரத்தம். இருந்த ஒரு நல்ல கையும் மணிக்கட்டில் மடங்கியிருந்தது.

"பால்... பாலுக்குக் கூட்டங்க," என்றாள். வேர்வை அவள் முகவாயிலிருந்து அவர் சட்டையில் சொட்டியது.

பாத்ரூமுக்குப் போகப் பார்த்திருப்பார் என்றாள் எதிர்வீட்டு அக்கா. அவரும் மறுக்கவில்லை. நெற்றியில் தையல், கையில் மாவுக்கட்டு. எவ்வளவு நேரம் விழுந்து கிடந்தார் என்று டாக்டர் கேட்டார். ஒரு சுற்று நேரம் என்றா சொல்வது? அன்று சாயங்காலமே ஷூவைத் துணியில் சுற்றிப் பரண்மேல் எறிந்தாள்.

ஓட்டம் நின்றது. நொய்நொய் திரும்பி வந்தது. தூக்கம் போனது. லென்ஸை அளவுக்கு மேல் தேய்த்துத் தேய்த்து வீணாக்கினாள். "உனக்கே ஒரு கண்ணாடி போட்டுத் தரட்டுமாம்மா?" என்றார் முதலாளி. கடையில் பல்லைக் கடித்துக்கொண்டதெல்லாம் வீட்டில் வெடித்தது. ஒரு காலையில், ஊட்டும்போது பெயின்டருக்குப் புரையேறிச் சோறு அவள் புடவையில் தெறித்தது.

"என் உயிர எடுக்கிறதுக்குன்னே பொறந்தீங்களா?" என்று கத்திவிட்டாள். கத்திய மறு நொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

அவர் நிதானமாக மென்று விழுங்கினார். "பால் வாங்கப் போ," என்றார்.

"பால் இருக்கு."

"இருக்குன்னு எனக்கும் தெரியும். அந்த நீல ஷூவப் போட்டுக்கிட்டுப் போ."

தட்டு அவள் கையிலேயே நின்றது.

"ஜன்னல்லேர்ந்து பாத்தா மைதானம் நல்லாத் தெரியுது," என்றார். "நீ எறங்கினதும் சுவத்தப் புடிச்சுக்கிட்டே அங்க போவேன். நீ கேட்டுப் பக்கம் திரும்பினா, நானும் திரும்பி வந்து படுத்துக்குவேன்."

"அப்போ அன்னிக்கு..."

"அன்னிக்கு நீ திரும்பல. இன்னொரு சுத்து போன. நானும் நின்னேன். காலு கேக்கல."

அப்படியென்றால் விழுந்தது அவளால்தான். எங்கோ ஒரு மூலையில், தன் ஓட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நப்பாசையோடு இருந்தாள். அதுவும் போயிற்று. தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவர் காலைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். "நான் பாவிங்க. உங்கள இப்படிப் போட்டுட்டு..."

"ஏன் நின்னேன்னு கேளு."

அவள் நிமிர்ந்தாள்.

"சிரிச்சுக்கிட்டே ஓடுன. அவ்ளோதான். அதப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "வீட்டுக்கு வரும்போது அந்தச் சிரிப்ப எங்க வெச்சுட்டு வர்ற? ஷூவோடயா?"

அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நாள் தவறாமல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவள் படியேறியதெல்லாம், ஏற்கெனவே அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டவரிடமா!

"போறப்ப அந்த நாற்காலிய ஜன்னல்கிட்ட போட்டுட்டுப் போ. நின்னுக்கிட்டே பாக்க முடியல," என்றார்.

நாற்காலியில் மடிக்காத துணி குவிந்து கிடந்தது. இத்தனை மாதமும் அங்கேதான் இருந்தது. அதை நாலடி நகர்த்திப் போட்டு அவரை வெளியே பார்க்கவைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. துணியைக் கட்டிலில் தள்ளினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்து, மாவுக்கட்டுக்கு அடியில் தலையணை கொடுத்தாள். ஷூவைப் பரணிலிருந்து இறக்கி, வீட்டுச் சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்தாள்.

"பாலுக்கா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. ஓடப்போறேன். அவரக் கொஞ்சம் பாத்துக்கங்க."

ஓடாமல் விட்டதில் கால் கனத்தது. செய்த குற்றமும் கூடவே ஓடி வந்தது. வழக்கமான சுற்றுகள் முடிந்து, கேட்டுப் பக்கம் திரும்பும் இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஜன்னலில் மாவுக்கட்டுப் போட்ட கை மெதுவாகக் காற்றில் ஒரு வட்டம் போட்டது.

இன்னொரு சுற்று போனாள். சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. முடித்துவிட்டுப் படியேறியபோது, முகத்தை மாற்றிக்கொள்ளாமல் அப்படியே உள்ளே போனாள்.